ஒரு கணிப்பொறியில் பல குடித்தனங்கள்

மயிலாப்பூர் மாடவீதியை அடுத்த ஒண்டுக்குடித்தன வீடொன்றில் என் இளமை கழிந்தது. வாயில் ஒன்று; கிணறு ஒன்று; குடும்பங்கள் ஆறு. எனினும் ஒவ்வொரு குடும்பமும் தன் பகுதியைத் தனி வீடென்றே கருதி வாழ்ந்தது. கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய குடித்தனம் உண்டு என்பதைப் பின்னரே கற்றேன்.

அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959இல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு தோன்றியது. 1973இல் அங்கு ஐ.பி.எம். 370 வரிசையைச் சேர்ந்த பெருங்கணிப்பொறி ஒன்று நிறுவப்பெற்றது. அவ்வரிசைக்கென அந்நிறுவனம் 1972இல் அறிவித்த மென்பொருள் வி.எம்./370. ஓர் இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகத் தோன்றச் செய்வதே அதன் பணி. அவ்வாறு தோன்றுவனவற்றை மெய்நிகர் இயந்திரங்கள் என்கிறோம்.

பெருங்கணிப்பொறியில் வளர்ந்த இக்கலை பின்னர்ச் சிறு கணிப்பொறிகளுக்கும் வந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னலில் 2007இல் கே.வி.எம். என்னும் பகுதி சேர்ந்தது. ஆயின், வலைப்பின்னலில் ஓர் இடர் எழுந்தது. குடியிருக்கும் இயந்திரத்திற்கு உண்மையான வலையட்டை இல்லை, க்யூ.ஈ.எம்.யூ. என்னும் நிரல் அட்டைபோல் நடித்தது. அந்தப் பொய்யட்டைக்குக் கட்டளை இடும்போதெல்லாம் குடித்தன இயந்திரம் நிறுத்தப்படும், கர்னல் விழிக்கும், அது நடிக்கும் நிரலை எழுப்பும், பணி முடிந்தபின் எல்லாம் வந்த வழியே திரும்பும். தபால்பெட்டியில் ஒரு கடிதம் சேர்ப்பதற்கு மாடிக்கு ஓடி வீட்டுக்காரரை எழுப்புவது போன்றது இது. நூறு கடிதங்களுக்கு நூறு முறை எழுப்பினால் அவர் என்ன சொல்வார் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்!

தீர்வு, நடிப்பைக் கைவிடுவதில் இருந்தது. தான் குடித்தனக்காரன் என்பதை இயந்திரம் அறிந்திருந்தால் என்ன? 2003இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்களின் ஜென் இவ்வழியைக் காட்டியது. ஆஸ்திரேலியரான ரஸ்டி ரஸ்ஸல் வகுத்த விர்ட்டியோ அதனைப் பொதுமுறை ஆக்கியது. அதைப் பற்றிய அவரது கட்டுரை 2008இல் வெளிவந்தது. இருவரும் காணக்கூடிய நினைவகத்தில் ஒரு வளையம் அமைக்கப்படும். குடித்தனக்காரர் அதில் பல பொதிகளை இட்டு, ஒரே முறை குரல் கொடுத்தால் போதும். வீட்டுக்காரர் விழித்தே இருப்பின் அக்குரலும் வேண்டா. 1500 பைட்டுகளாக நறுக்கி அனுப்பவேண்டிய தரவை, 64 கிலோபைட்டு வரை ஒரே கட்டாக வைக்கவும் இடமுண்டு. வேகமான கம்பிகளே வேகம் தந்தன என்பார் உளர். அது பாதி உண்மையே என்பது என் கருத்து. வீண் நடை குறைந்ததே பெரிய ஆதாயம்.

இடையே நின்ற நிரலையும் விலக்கி, பொதிகளைக் கர்னலே நேராகக் கையாளும் வீஹோஸ்ட்-நெட் 2010இல் வெளியான 2.6.34ஆம் பதிப்பில் இடம்பெற்றது. வேகம் மேலும் கூடியது. ஆயின், வெளியே இருந்த வேலை வீட்டின் உள்ளறைக்கே வந்துவிட்டது அல்லவா? 2019இல் அப்பகுதியில் ஒரு பிழை வெளிப்பட்டது. மெய்நிகர் இயந்திரத்தை ஒரு கணிப்பொறியிலிருந்து வேறொன்றுக்கு ஓட்டத்திலேயே மாற்றும் வேளையில், தீய குடித்தனக்காரர் ஒருவர் வீட்டுக்காரரின் நினைவகத்தையே சிதைக்க அது இடந்தந்தது. பிழை விரைவில் திருத்தப்பட்டது. பழைய பொய்யட்டைகளும் க்யூ.ஈ.எம்.யூ.வில் இன்றும் இருக்கின்றன. விர்ட்டியோவை அறியாத பழைய இயங்குதளங்களுக்கு அவையன்றி வேறு வாயில் இல்லை.