செல்லுக்கு என்ன சாப்பாடு?

லிம்போமா புற்றுநோய்க்குத் தரப்படும் ரிட்டுக்ஸிமாப் ஓர் ஆன்டிபாடி மருந்து. சராசரி உடல்வாகு உள்ள ஒருத்தருக்கு ஒரு டோஸே 600 மில்லிகிராமுக்கு மேல போகும். வாரம் ஒண்ணு, நாலு வாரம். மொத்தம் சுமார் 2.5 கிராம். இதைச் சுரந்து தர்றது சீன ஹாம்ஸ்டர் எலியின் சினைப்பையிலிருந்து வந்த சிஹெச்ஓ செல்கள். தொட்டியில வளர்ற அந்தச் செல்லுக்கு என்ன சாப்பாடு போடுறது? இன்னிக்கு எபிசோடு அந்தக் கேள்வியோட வரலாறு.

1950-களின் தொடக்கத்தில் விலங்கு செல்களை வளர்க்க ரத்தத்தோட சீரத்தை ஊத்துவாங்க. செல் வளரும். ஆனா, அதுல எந்தப் பொருள் வேலை செய்யுதுன்னு தெளிவா தெரியாது.

அமெரிக்காவில் ஹாரி ஈகிள் ஒரு எளிய வழியைப் பிடித்தார். கோடுல ஒவ்வொரு வரியா கமென்ட் பண்ணி ரன் பண்ணிப் பார்ப்போமே, அதேதான். கலவையிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துட்டு, செல் சாகுதான்னு பார்த்தார். 1955-ல் பட்டியல் வந்தது: 13 அமினோ அமிலங்கள், சில வைட்டமின்கள், குளுக்கோஸ், உப்புகள், கொஞ்சம் சீரப் புரதம். நம்ம உடம்பு தானே தயாரிச்சுக்கிற குளூட்டமின்கூட, தனியா வளர்ற செல்லுக்கு வெளியிலிருந்து வேண்டியிருந்தது.

1987-ல் மாரடைப்புக்கான டிபிஏ மருந்து சிஹெச்ஓ செல்லிலிருந்து சந்தைக்கு வந்தது. அந்தக் காலத்துல ஒரு லிட்டருக்குக் கிடைச்சது சுமார் 50 மில்லிகிராம் புரதம். அந்த விளைச்சல்ல நம்ம 2.5 கிராம் ஆன்டிபாடிக்கு 50 லிட்டர் வேணும், அதுவும் ஒரே ஒரு நோயாளிக்கு!

சரி, சாப்பாட்டை அள்ளிப் போட்டா? அங்கதான் சிக்கல். குளுக்கோஸ் அதிகமானா செல் அதை லாக்டிக் அமிலமா மாத்தி வெளியே தள்ளும். குளூட்டமின் அதிகமானா அம்மோனியா சேரும். ரெண்டுமே செல்லுக்குக் கெடுதல்.

அதனால வந்ததுதான் ஃபெட்-பேட்ச். முதல்ல அளவான உணவு. பிறகு தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து, எது தீருதுன்னு அளந்து, அடர்த்தியான கரைசலா அதைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கிறது. ஈகிள் கேட்ட அதே கேள்வியை, ஓடிக்கிட்டிருக்கிற தொட்டியில திரும்பத் திரும்பக் கேட்கிற மாதிரி.

ஏழு நாளில் முடிந்த உற்பத்தி மூன்று வாரம் வரை நீண்டது. 2004-ல் ஃப்ளோரியன் வூர்ம் எழுதிய ஆய்வுக் கட்டுரை, லிட்டருக்கு 4.7 கிராம் வரை எட்டியதைக் காட்டியது. இதுக்கு முக்கியக் காரணம் ஊட்டக் கலவையும் தொட்டிக் கட்டுப்பாடும்தான் என்கிறார் அவர். இப்போ 2.5 கிராமுக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல போதும்.

விளைச்சல் கிட்டத்தட்ட நூறு மடங்கு கூடிடுச்சு. மருந்து விலை அந்த அளவுக்குக் குறையலை. சுத்திகரிப்பு, சோதனை, காப்புரிமைன்னு அதுக்குத் தனிக் கணக்கு இருக்கு. அதை அடுத்த எபிசோடுல பார்ப்போம்.