மீனாட்சிபுரத்திலிருந்து சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்?

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறக்குறைய 3,170 கிலோமீட்டர். நேர் விமானம் என்றால் நாலு, நாலே கால் மணி நேரம். ஊருக்குப் போனால் எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரங்களைக் கழித்துப் பார்த்துவிட்டுக் குழம்பாதீர்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதுவும் 1982 ஜனவரி 1 முதல்தான், அதற்கு முன் இரண்டு மணி நேரம். மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ள, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது.

ஆனால் நான் போகவேண்டியது கோயமுத்தூர் இல்லையே, மீனாட்சிபுரம். பொள்ளாச்சிக்கு மேற்கே, எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம் இருக்கிற ஊர். 1956-க்கு முன்னாலும் இது எல்லைதான். சிற்றூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது, கிழக்கே பொள்ளாச்சி மெட்ராஸ் ராஜதானி. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம் என்பது எங்களுக்குப் பழகிப்போன விஷயம் :-)

பொள்ளாச்சி - பாலக்காடு ரயில் பாதை இந்த வழியாக வந்தது 1932-ல். அதே வருடம் அக்டோபரில்தான் டாடாவின் தபால் விமானம் கராச்சியில் கிளம்பி, பம்பாய் வழியாக மெட்ராஸ் வந்தது. அதில் கடிதம் போகலாம், ஆள் போக முடியாது. எங்கள் ஊர்க்காரனுக்கு ரயில்தான் பெரிய விஷயம்.

காரணம், அது மீட்டர் கேஜ். பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் வரை அதே ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். இன்னொரு பக்கம் மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரைக்கும் அதே அகலம், 1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழிக்கும்வரை. தனுஷ்கோடியில் இறங்கினால் தலைமன்னாருக்குக் கப்பல். நாகப்பட்டினத்தில் இறங்கினால் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல். 1926-ல் கட்டிய 'ரஜூலா'வில் எத்தனை ஆயிரம் பேர் டெக்கில் படுத்துக்கொண்டே இங்கே வந்து சேர்ந்தார்கள்! மெட்ராஸிலிருந்து கிட்டத்தட்ட ஒரு வாரம். பிறகு வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. இங்குள்ள பெரியவர்களிடம் கப்பல் பயணம் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வாந்தியில்தான் ஆரம்பிப்பார்கள்.

ஆக, ஒரு வாரம் நாலு மணி நேரமாகிவிட்டது. மீதியைப் பாருங்கள். அகலப் பாதையாக்குவதற்காக 2008 டிசம்பரில் எங்கள் பாதையை மூடினார்கள். அறுபது கிலோமீட்டருக்கும் குறைவான பாதை, திறந்தது 2015 நவம்பரில். ஏழு வருடம்! ஒரு குழந்தை பிறந்து இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும். அதற்குள் ஜனங்கள் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் மாறிவிட்டார்கள். தண்டவாளம் புதிதாக, அகலமாக வந்தது, ஆனால் ராமேஸ்வரம் பக்கம் ஓடிய பழைய நேர் வண்டிகள் பழையபடி திரும்பவில்லை. அவற்றைக் கேட்டுப் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் பயணிகள் மனு கொடுத்தார்கள்.

வேலை தேடி வெளியே போனவனுக்கு விமானம் கிடைத்தது. மாட்டுத்தீவனம் வாங்கவும், பழனிக்கு மொட்டை போடவும், மதுரையில் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அந்த வண்டியை நம்பியிருந்தவர்களுக்குத்தான் தூரம் கூடிப்போனது. இப்போது கோவை விமான நிலையத்தில் இறங்கினால் டாக்ஸி பிடித்துப் பொள்ளாச்சி வழியாக ஊருக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். கிணத்துக்கடவில் டீ குடித்தால் இன்னும் கொஞ்சம்.