ஆவணங்களின் பேசுபொருளைக் கணினிவழி கண்டறிதல்

ஓர் ஆவணம் எதைப் பற்றியது என்பதைச் சொற்களைக் கொண்டு மட்டுமல்லாமல், அதை எழுதியவர், பெற்றவர், மேற்கோள் காட்டியவர் ஆகியோரின் தொடர்புகளையும் சேர்த்துக் கணினியே கணிக்கும் முறை இது.

இதன் வேர் நூலகவியலில் உள்ளது. அறிவியல் கட்டுரைகளுக்கு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். ஒரே பழைய கட்டுரையை மேற்கோள் காட்டும் இரு கட்டுரைகள் உறவுடையவை என்று 1963இல் கெஸ்லர் வகுத்தார். பின்னால் வந்தவர்கள் சேர்த்தே மேற்கோள் காட்டும் இரு கட்டுரைகளை உறவுடையவையாக 1973இல் ஹென்றி ஸ்மால் கொண்டார். கெஸ்லரின் உறவு கட்டுரைகள் வெளியான அன்றே மாறாதபடி நிலைத்துவிடும். ஸ்மாலின் உறவோ ஆண்டுதோறும் வளரும். ஒரு துறை காலப்போக்கில் மாறுவதைக் காண ஸ்மாலின் முறை உதவும்.

உறவையும் உரையையும் கணினியில் திறம்பட இணைத்த முன்னோடி ஆய்வு 1998இல் வெளிவந்தது. செய்தவர்கள் சௌமன் சக்ரவர்த்தி (பின்னர் மும்பை ஐஐடி பேராசிரியர்), டாம், இண்டிக். அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களைச் சொற்களை மட்டும் கொண்டு வகைப்படுத்தியபோது 36 விழுக்காடு பிழை வந்தது. தொடர்புள்ள ஆவணங்களின் சொற்களையும் அப்படியே சேர்த்தபோது பிழை 38 ஆக ஏறியது. அந்த ஆவணங்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதைக் கணக்கில் கொண்ட பிறகே 21க்கு இறங்கியது. அண்டை ஆவணத்தின் சொற்களைவிட அதன் வகையே துப்புக் கொடுக்கிறது என்பதை இத்துறைக்கு உணர்த்திய அருமையான முடிவு இது.

பிளை, இங், ஜோர்டான் ஆகியோர் 2003இல் தந்த எல்டிஏ (Latent Dirichlet Allocation) முறை, ஓர் ஆவணத்தைப் பல பேசுபொருள்களின் கலவையாகக் கண்டது. அதன்மேல் மெக்காலமும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழுவினரும் அனுப்புநர், பெறுநர் இருவரையும் சேர்த்த மாதிரியை உருவாக்கி, அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் மின்னஞ்சல்களில் சோதித்தனர். ஒருவர் யாருக்கு எழுதுகிறார் என்பதைப் பொறுத்து அவர் பேசும் பொருள் மாறுவதை மாதிரி பிடித்தது. ஒருவருக்கொருவர் கடிதமே எழுதாத இருவர் ஒரே வகைப் பணி செய்வதையும் இதனால் கண்டறியலாம்.

அண்மையில் இதே பணிக்கு வரைபட நரம்பு வலையமைப்புகளும் பெருமொழி மாதிரிகளும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

மேலே சொன்ன மாதிரியைச் சோதித்த மின்னஞ்சல்கள் கிடைத்த வழியும் கவனிக்கத்தக்கது: என்ரான் 2001இல் திவாலான பின், அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் தன் விசாரணையை ஒட்டி அந்த மின்னஞ்சல்களைப் பொதுவில் வெளியிட்டது. ஊழியர்கள் வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் எழுதியவையும் அவற்றுள் இருந்தன.