துயர் கேட்கும் கலை
(தனியாள் சமூகப் பணியின் வரலாறு)

தமிழில் ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. வினவுதல் ஒன்று, செவிமடுத்தல் மற்றொன்று. துன்பமுற்று உதவி நாடி வரும் ஒருவருடன் தனியே அமர்ந்து பேசும் சமூகப் பணியாளரின் கலை, இவ்விரண்டில் முதற்பொருளில் தொடங்கி இரண்டாம் பொருளுக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அந்தப் பயணத்தின் கதையையே இங்கே நாம் காணப் புகுகின்றோம்.

இலண்டன் மாநகரில் 1869-ஆம் ஆண்டில் அறக்கொடை அமைப்புச் சங்கம் என்றொரு நிறுவனம் தோன்றியது. அந்நகரில் அக்காலத்தே கொடுப்போருக்கும் குறைவில்லை, வாங்குவோருக்கும் குறைவில்லை. கண்டபடி காசு கொடுப்பது ஏழையைச் சோம்பேறி ஆக்கும் என்பது சங்கத்தாரின் உறுதியான கொள்கை. ஆகவே, உதவி கேட்டு ஒருவர் வந்தால், அவருடைய இல்லத்துக்கே சென்று விசாரித்தனர். அண்டை அயலாரை வினவினர். குடிப்பழக்கம் உண்டா, வேலை தேடுகிறாரா என்று ஆராய்ந்தனர். தகுதியுடைய ஏழை, தகுதியற்ற ஏழை என்று மக்களை இரு கூறாக்கினர். 1877-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரிலும் இத்தகைய சங்கம் ஏற்பட்டு, விரைவில் பல நகரங்களுக்குப் பரவிற்று. வசதியுள்ள குடும்பத்துப் பெண்மணிகள் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று நல்லுரை கூறினர். இவர்களுக்கு ‘நட்பு முறையில் வருகை தருவோர்’ என்று பெயர். வந்தவர் நண்பரா, நீதிபதியா என்ற ஐயம் அந்த ஏழைத் தாய்க்கு எழுந்திருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. கையில் உதவியை வைத்திருப்பவர் கேட்கும் கேள்விக்கு, உதவி வேண்டுபவர் எப்படி விடை சொல்வார்? எது சொன்னால் கிடைக்குமோ அதையே சொல்வார். இந்தச் சிக்கல் அன்று தோன்றியது. இன்றும் முற்றும் தீர்ந்தபாடில்லை.

இச்சங்கங்களுள் ஒன்றான பால்டிமோர் நகரச் சங்கத்தில் 1889-இல் துணைப் பொருளாளராகச் சேர்ந்தவர் மேரி ரிச்மண்ட் அம்மையார். பாட்டியாலும் சிற்றன்னையராலும் எளிய இல்லத்தில் வளர்க்கப்பட்டவர். கல்லூரியின் வாயிலை மிதித்தவரல்லர். ஆயினும், தனியாள் சமூகப் பணி என்னும் துறைக்கு உருவம் தந்தவர் இவரே. நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று 1890-களிலேயே வற்புறுத்தினார். 1898-இல் நியூயார்க் சங்கம் ஆறு வாரக் கோடைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கிற்று. அதுவே பின்னாளில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளியாக வளர்ந்தது.

1915-இல் ஒரு சோதனை நேர்ந்தது. மருத்துவக் கல்வியைச் சீர்திருத்திப் புகழ்பெற்றிருந்த ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், பால்டிமோரில் கூடிய மாநாட்டில், சமூகப் பணி என்பது முழுமையான ஒரு தொழில்துறையா என்ற வினாவை எழுப்பி, அல்ல என்னும் விடையையும் அளித்தார். கூடியிருந்தோர் மனம் புண்பட்டது. இரண்டாண்டு கழித்து, 1917-இல், ரிச்மண்ட் அம்மையாரின் ‘சமூக நோய்நாடல்’ என்னும் பெருநூல் வெளிவந்தது. உறவினர், பள்ளி, மருத்துவர், முதலாளி, ஆவணங்கள் என எங்கெங்கிருந்து உண்மை திரட்டலாம், திரட்டியதை எவ்வாறு நிறுத்துப் பார்க்கலாம் என்று வழக்கறிஞரின் நுட்பத்தோடு அந்நூல் விளக்கிற்று. அந்த ஆராய்ச்சி முறையைக் காட்டிலும், முதல் சந்திப்பைப் பற்றி அதில் அமைந்த அத்தியாயமே இன்றும் உயிரோடிருப்பதாக நமக்குப் படுகிறது. வந்தவர் சொல்வதை நியாயத்தோடும் பொறுமையோடும் கேட்பது முதல் சந்திப்பின் நோக்கங்களுள் ஒன்று என்று அம்மையார் அங்கே எழுதுகிறார். வினவுதலுக்கென்றே எழுதப்பட்ட நூலுக்குள் செவிமடுத்தல் மெல்ல நுழைந்துவிட்டது.

1922-இல் அவர் எழுதிய சிறு நூல் இன்னும் ஒரு படி முன்னேறிற்று. கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லருக்கு ஆசிரியையாக வாய்த்த ஆன் சல்லிவனை அதில் அவர் எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். சமூகப் பணியாளர் என்ற பெயரே சூட்டிக்கொள்ளாத அந்த ஆசிரியை, ஒரு குழந்தையையும் அதன் சூழலையும் ஒருங்கே மாற்றியமைத்தார். அதுவே தனியாள் பணி என்பது அம்மையாரின் கருத்து. உதவிப்பொருளைப் பற்றிய பேச்சு பின்னே போய், ஆளுமை வளர்ச்சியைப் பற்றிய பேச்சு முன்னே வந்தது.

இதன் பின்னர் வியன்னாவிலிருந்து ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு வெள்ளம்போல் வந்து பாய்ந்தது. முதல் உலகப் போரில் மனம் சிதைந்த வீரர்களுக்காக 1918-இல் ஸ்மித் கல்லூரியில் மனநலச் சமூகப் பணிக்குப் பயிற்சி தொடங்கியது. வறுமையை விசாரித்தவர்கள் இப்போது ஆழ்மனத்தை விசாரிக்கத் தலைப்பட்டனர். இந்தப் போக்குக்கு ஒரு மறுப்பு பிலடெல்பியாவில் எழுந்தது. ஜெஸ்ஸி டாஃப்ட், வர்ஜீனியா ராபின்சன் என்னும் இரு பெண் அறிஞர்கள், ஃபிராய்டிடமிருந்து பிரிந்து வந்த ஆட்டோ ராங்க்கின் கருத்துகளைத் தழுவி, நோயைக் கண்டுபிடிப்பதும் தீர்ப்பதும் பணியாளரின் வேலை அன்று. வந்தவரின் சொந்த விருப்பாற்றல் விழித்தெழ இடம் தருவதே வேலை என்றனர்.

பொதுவாக நூல்களில் சொல்லப்படாத ஒரு செய்தியை இங்கே குறிப்பிடவேண்டும். ஆலோசனைக் கலையின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் ராஜர்ஸ் உளவியலறிஞர். எனினும், அவர் தம் கலையின் உயிர்நாடியைக் கற்றது சமூகப் பணியாளரிடமே. 1928 முதல் 1940 வரை ராசெஸ்டர் நகரில், கொடுமைக்குள்ளான குழந்தைகளுக்கான சங்கத்தில் அவர் பணிபுரிந்தார். பிலடெல்பியாவில் பயின்ற சமூகப் பணியாளர் சிலர் அங்கே அவருடன் இருந்தனர். சொல்லுக்கு அடியில் ஓடும் உணர்ச்சியைக் கண்டு, அதை வந்தவருக்கே எடுத்துக்காட்டும் முறையைச் சமூகப் பணியாளர் ஒருவரிடமிருந்து கற்றதாக ராஜர்ஸே கூறியிருக்கிறார். அவர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. முரட்டுச் சிறுவன் ஒருவனின் தாயுடன் அவர் பல வாரம் பேசினார். மகனை அவள் உள்ளூர வெறுத்து ஒதுக்கியதே அவன் முரட்டுத்தனத்துக்குக் காரணம் என்று அவளுக்கு உணர்த்த முயன்றார், பலிக்கவில்லை. இருவரும் முயன்று பார்த்தோம், நிறுத்திக்கொள்வோம் என்றார். அவளும் இசைந்து எழுந்தாள். வாயிலருகே சென்றவள் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை சொல்வதுண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும், மீண்டும் வந்து அமர்ந்து, தன் மணவாழ்வின் துயரம் முழுவதையும் கொட்டினாள். அதுவரை அவர் சேகரித்திருந்த குறிப்புகளில் அதில் ஒரு வரியும் இல்லை. எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்கே தெரியும் என்று ராஜர்ஸ் அன்று கண்டுகொண்டார்.

ஒகையோ பல்கலைக்கழகம் சென்ற பிறகு அவர் செய்த ஒரு காரியம் வானொலி நேயர்களுக்குச் சுவையாக இருக்கும். ஆலோசனை அறையில் நடக்கும் பேச்சை, வந்தவரின் இசைவுடன், இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்றவேண்டும். மிகவும் தொல்லை பிடித்த வேலை. ஆனால் தட்டுகளைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது ஒளிக்க முடியாத உண்மைகள் வெளிப்பட்டன. பொறுமையாகக் கேட்டதாக எண்ணியிருந்த ஆலோசகர், வந்தவரைக் காட்டிலும் மிகுதியாகப் பேசியிருந்தார். வந்தவர் அழத் தொடங்கிய இடத்தில் புதிய கேள்வி ஒன்றைப் போட்டுப் பேச்சை மாற்றியிருந்தார். 1942-இல் வெளியான அவருடைய நூலில் ஒருவருடைய சந்திப்புகள் அனைத்தும் சொல்லுக்குச் சொல் அச்சாயின.

அந்தப் பதிவுகளிலிருந்து தெளிந்த திறன்கள் கேட்பதற்கு எளியவை; செய்வதற்கு அரியவை. ‘ஆம்’ ‘இல்லை’ என்று முடிந்துபோகாத கேள்விகளைக் கேட்டல். சொன்னதைத் தம் சொல்லில் சுருக்கி, ‘இப்படித்தானே?’ என்று சரிபார்த்தல். மௌனத்தை உடைக்காதிருத்தல். கணவனை இழந்த ஒரு பெண் ஓய்வூதியப் படிவத்துக்காக வந்து, ‘மூன்று மாதமாக அலைகிறேன், யாரிடம் சொல்வது?’ என்கிறாள் என்று கொள்வோம். எந்த அலுவலகத்துக்குப் போனீர்கள் என்று உடனே கேட்பது ஒரு வழி. ‘தனியாகவே எல்லாவற்றுக்கும் அலைய வேண்டியிருக்கிறது, இல்லையா?’ என்பது மற்றொரு வழி. அலுவலகத்தின் பெயர் பத்து நிமிடம் கழித்தும் கிடைக்கும். அந்தத் தனிமையைச் சொல்லும் வாய்ப்பு, தவறினால், பிறகு கிட்டாமலே போகலாம்.

1957-ஆம் ஆண்டு இத்துறைக்கு விளைச்சல் மிகுந்த ஆண்டு. உண்மைத்தன்மை, நிபந்தனையற்ற மதிப்பு, ஒத்துணர்வு ஆகியவை மாற்றத்துக்கு இன்றியமையாதவை என்று ராஜர்ஸ் அவ்வாண்டில்தான் எழுதினார். ஹெலன் ஹாரிஸ் பெர்ல்மன், தனியாள் பணியைச் சிக்கல் தீர்க்கும் முறையாக விளக்கிய நூலும் அவ்வாண்டினதே. சிக்காகோவில் பேராசிரியராக இருந்த இயேசு சபைத் துறவி ஃபெலிக்ஸ் பீஸ்டெக்கோ, பணியாளருக்கும் வந்தவருக்கும் இடையேயுள்ள உறவை ஏழு நெறிகளில் அடக்கினார். ஏழையும் இங்கே நாம் அடுக்க வேண்டியதில்லை. தீர்ப்புக் கூறாமை, தன் முடிவைத் தானே செய்யும் உரிமை, மறைவுரை காத்தல் என்னும் மூன்றை நோக்கினால், 1869-இல் இலண்டனில் நடந்த விசாரணையிலிருந்து எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பது விளங்கும். பாவம் எது, புண்ணியம் எது என்பதில் உறுதியான கொள்கையுடைய ஒரு துறவியே தீர்ப்புக் கூறாமையை வலியுறுத்தியது கருதத்தக்கது. செயலை நல்லதென்றும் தீயதென்றும் எண்ணலாம். செய்தவர் குற்றவாளியா என்று முடிவு செய்யும் இடம் அந்த அறையன்று என்பதே அவர் கருத்து.

ஆனால் கதை இங்கே மங்களமாக முடிந்துவிடவில்லை. இலண்டனில் 1869-இல் தோன்றிய அதே சங்கம் 1946-இல் குடும்ப நலச் சங்கம் எனப் பெயர் மாறியிருந்தது. அங்கே உதவி நாடிய தொழிலாளர் குடும்பத்தினர் அறுபது பேர் அளவில் சந்தித்து, அவர்கள் பெற்ற அனுபவத்தை மேயர், டிம்ஸ் என்னும் இருவர் 1970-இல் நூலாக்கினர். வீட்டு வாடகை கட்ட வழியின்றி வந்த சிலர், தங்கள் இளமைக்காலத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று புரியாமல் விழித்தனர். தாம் சொன்னதை நம்பவில்லையோ என்றும் ஐயுற்றனர். கணவனைக் கண்டிப்பார்கள் என்று நம்பி வந்த பெண், பணியாளர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது கண்டு மனம் சலித்தாள். நூறாண்டு கழித்து, கேட்கும் கலையை நன்கு கற்ற பிறகு, வந்தவர் எதற்காக வந்தார் என்பதையே கேட்க மறந்துவிட்டனர்! பட்டினியால் வந்தவரின் உணர்ச்சியை மட்டும் பிரதிபலித்து அனுப்பிவிடுவது ஒருவகைக் கொடுமையே என்று நாம் கருதுகின்றோம்.

நம் நாட்டில் இக்கலை கால்கொண்டது பம்பாயில். நாக்பாடாப் பகுதியில் மக்களிடையே பணியாற்றிய அமெரிக்கரான கிளிஃபோர்டு மான்ஷார்ட்டின் முயற்சியால், 1936-இல் சர் தோராப்ஜி டாடா சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. 1944 முதல் அது டாடா சமூக அறிவியல் நிறுவனம். குழந்தை வழிகாட்டு நிலையம் ஒன்றும் 1937-இல் அங்கே தொடங்கிற்று. மான்ஷார்ட்டுக்குப் பின் தலைமை ஏற்ற ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரர். 1946-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளர் அமர்த்தப்பட்டார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952-இல் சமூகப் பணிப் பள்ளியை நிறுவினார்.

அமெரிக்க நூல்களைப் பாடமாகப் பயின்ற நம் பணியாளர், அறைக்குள் வந்து அமர்ந்தவரிடம் வேறொரு வேண்டுகோளைக் கேட்டார். ‘அம்மா, நீங்கள் படித்தவர்கள், என்ன செய்யவேண்டுமென்று நீங்களே சொல்லிவிடுங்கள்’ என்பதே அது. முடிவெடுப்பது உங்கள் உரிமை என்று விடையிறுத்தால், கை விட்டுவிட்டார் என்றே அவர் எண்ணுவார். மேலும், முடிவு செய்வது அவர் ஒருவர் மட்டும் அல்லர்; மாமியாரும் மைத்துனரும் ஊர்ப் பெரியவரும் அந்த முடிவில் பங்குடையவர். மனநல மருத்துவரான ஜே. எஸ். நேகி 1973-இல், குரு சீடர் உறவையே இந்தியச் சிகிச்சை உறவுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாதா என்று எழுதினார். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆயினும், வரதட்சணைக் கொடுமைக்கு ஆளான மருமகளுக்கு, கீழ்ப்படியச் சொல்லும் குருவைவிடச் செவி கொடுக்கும் ஒருவரே தேவை என்பதையும் நாம் மறத்தற்கில்லை. தமிழில் இக்கலைக்கு வழங்கும் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது நமக்கு நிறைவளிக்கிறது. ஆறு என்பது வழி. வழி காட்டுபவர் ஏறி நடப்பதில்லை, நடப்பவர் வந்தவரே.

மறைவுரை காத்தலுக்கும் நம் நாட்டில் எல்லை உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மறைவுரையை நோயாளியின் உரிமையாக்கியது. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும். ஆகவே, ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று ஒரு சிறுமிக்கு முதலிலேயே வாக்குக் கொடுத்துவிடும் பணியாளர் இரட்டைத் தீங்கு செய்கிறார். எதை மறைக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே, குழந்தைக்குப் புரியும் சொல்லில் கூறிவிடவேண்டும்.

கேட்பதையும் செய்வதையும் ஒன்றாக இணைத்த முயற்சி ஒன்று 1984-இல் பம்பாயில் தொடங்கியது. டாடா நிறுவனம் தன் சமூகப் பணியாளர்களைக் காவல் துறை ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே அமர்த்தி, பெண்கள், குழந்தைகளுக்கான தனிப்பிரிவை ஏற்படுத்தியது. பின்னர் அது மகாராஷ்டிரத்தின் பிற பகுதிகளுக்கும் வேறு மாநிலங்களுக்கும் பரவிற்று. இத்தகைய பணியில், அடிபட்டு வரும் பெண் தன் கதையை முழுதும் சொல்லி முடித்தபின், பெரும்பாலும் மீண்டும் அந்த வீட்டுக்கே போக விரும்புகிறாள். பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் அவளைத் தடுப்பதுமில்லை, அறிவுரை கூறுவதுமில்லை. ஆபத்து நேர்ந்தால் எங்கே ஓடுவது, எந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசுவது, குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் யார் வீட்டில் கொடுத்துவைப்பது என்பவற்றை அவளோடு சேர்ந்தே எண்ணிப் பார்க்கிறார். அடுத்து எந்த நாளில், என்ன காரணம் சொல்லி வெளியே வர இயலும் என்று அவளையே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.