இதய மறுவாழ்வுப் பயிற்சி

மாரடைப்புக்குப் பிறகும், ஸ்டென்ட் வைத்த பிறகும், பைபாஸ் அல்லது வால்வு அறுவைக்குப் பிறகும் ஒருவரைப் பழைய நடமாட்டத்துக்குக் கொண்டுவர, மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் நடத்தப்படும் திட்டம் இதய மறுவாழ்வுப் பயிற்சி எனப்படும். இலங்கையில் புனர்வாழ்வு என்ற சொல்லும் வழங்குகிறது. நிலையான இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் இதய மாற்று செய்துகொண்டவர்களுக்கும் இது பொருந்தும். உடற்பயிற்சிதான் இதன் முதுகெலும்பு. மருந்துகளைச் சரிபார்ப்பது, சாப்பாடு, புகையை விடுவது, பயத்தையும் மனச்சோர்வையும் கவனிப்பது ஆகியவையும் இதில் சேரும். ஸ்டென்ட் வைத்ததோடு வைத்தியம் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்த நினைப்பு ஆபத்தானது. ஸ்டென்ட் ஒரு குழாயில் ஓர் இடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. அடைப்பை உண்டாக்கிய சர்க்கரையும் கொழுப்பும் ரத்த அழுத்தமும் புகையும் அப்படியே இருக்கின்றன.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்புக்குத் தரப்பட்ட முதல் வைத்தியம் படுக்கை. ஆறு வாரம் அசையக் கூடாது; சோறுகூட ஊட்டிவிட வேண்டும். அடிபட்ட இதயத் தசை தழும்பாக இறுகும்வரை அதற்கு வேலை வைக்கக் கூடாது என்பது அன்றைய கணக்கு. இத்தனைக்கும், ஆஞ்சைனா என்னும் நெஞ்சுவலியை 18ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்துவந்த ஒருவர் ஏறக்குறைய குணமடைந்ததைக் குறித்துவைத்திருந்தார்.

படுத்தே கிடந்தவர்களுக்குக் காலின் சிரைகளில் ரத்தம் உறைந்தது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து உயிரை வாங்கியது. 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லோனும் நோயாளிகளைச் சில நாட்களிலேயே கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, அதனால் கெடுதல் இல்லை என்று எழுதினார்கள். 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது, அவரைப் பார்த்த டாக்டர் பால் டட்லி ஒயிட்டும் படிப்படியாக நடமாடவைக்கும் பக்கமே நின்றார். மறுவருடம் ஐசனோவர் தேர்தலில் நின்று மீண்டும் வென்றார்.

இதற்கெல்லாம் மேலான சாட்சி 1966இல் டல்லஸில் கிடைத்தது. இருபது வயதையொட்டிய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். அவர்களின் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்வாசிக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முப்பது வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிது என்று தெரிந்தது. நல்ல இதயத்துக்கே இந்தக் கதி என்றால், அடிபட்ட இதயத்தைப் படுக்கப்போட்டால் என்ன ஆகும்?

என்ன நடக்கும்

முதல் கட்டம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தொடங்கிவிடும். உட்காருவது, நிற்பது, கழிவறைக்குப் போய்வருவது, வராந்தாவில் நடப்பது, வீட்டுக்கு அனுப்புமுன் சில படி ஏறிப்பார்ப்பது. இரண்டாம் கட்டம் வீட்டுக்குப் போன சில வாரங்களுக்குள் வெளிநோயாளியாக வந்து செய்வது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு பொதுவாக 36 அமர்வுகளுக்குப் பணம் தருகிறது. வாரத்துக்கு மூன்று என்றால் மூன்று மாதம். அதன் பிறகு வருவது, வாழ்நாள் முழுக்கத் தானாகச் செய்யவேண்டிய மூன்றாம் கட்டம்.

முதல் நாள் ஈசிஜியும் எக்கோவும் பார்த்து, டிரெட்மில் சோதனையோ ஆறு நிமிட நடைச் சோதனையோ வைப்பார்கள். நடைச் சோதனைக்கு நீளமான ஒரு தாழ்வாரம் போதும். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்று குறித்துக்கொள்வார்கள். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். கடிகாரம் மட்டும் நிற்காது.

ஓர் அமர்வு ஏறக்குறைய ஒரு மணி நேரம். நெஞ்சில் பிசுபிசுப்பான வில்லைகளை ஒட்டி, ஒயர் மாட்டி, இதயத் துடிப்பைத் திரையில் ஓடவிடுவார்கள். பத்து நிமிடம் கைகால்களை மெல்ல அசைத்து உடலைச் சூடேற்றிய பிறகு டிரெட்மில் அல்லது சைக்கிள். நடுவில் பிசியோதெரபிஸ்ட் ஓர் அட்டையை நீட்டி, "இப்ப எத்தனைன்னு சொல்லுங்க ஐயா?" என்று கேட்பார். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் அது. 6 என்றால் சும்மா இருப்பது. 20 என்றால் இதற்குமேல் முடியாது. ஆறில் ஏன் தொடங்குகிறது என்றால், எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆரோக்கியமான இளைஞரின் துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. அவருக்கு நாடியைவிட இந்த அட்டையே நம்பகமானது. பலருக்கும் 11 முதல் 14 வரைதான் இலக்கு. வீட்டில் நடக்கும்போது அட்டை வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுதான் சரியான வேகம்.

முடிக்கும்போது சட்டென்று நிற்கக் கூடாது. ஓடிய கால்களில் ரத்தம் தேங்கி, அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிற்க வேண்டும்.

பைபாஸ் ஆனவர்களுக்குத் தனி ஒழுங்கு உண்டு. பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் பதினைந்து கிலோவுக்குக் குறையாது, 14.2 கிலோ வாயு அடைத்த சிலிண்டர் முப்பது கிலோவை நெருங்கும். இரண்டையும் தொடவே வேண்டாம். கையூன்றி எழ நேர்வதால் தரையில் உட்காருவதையும் தள்ளிப்போட வேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும்.

பயம்

மாரடைப்பு வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு வருகிறது. தூக்கத்தில் நெஞ்சு சுருக்கென்றால் போதும், 'மறுபடி வந்துவிட்டதோ' என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்களும் அன்பினாலேயே கட்டிப்போடுவார்கள்: "நீங்க அசையாதீங்க, நான் எடுத்துத் தர்றேன்." பெண் நோயாளியின் நிலை நேர்மாறு. அவள் வந்த வாரமே அடுப்படிக்குப் போய்விடுவாள். பயிற்சிக்கு மட்டும் நேரமிருக்காது. உலகெங்கும் பெண்கள்தான் இத்திட்டங்களில் குறைவாகச் சேர்கிறார்கள். முதல் அமர்வுக்கு வீட்டாரையும் கூட்டிவரச் சொல்வது இதனால்தான். அவர் நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர்களுக்கும் தைரியம் வரும்.

கேட்கக் கூச்சப்படும் கேள்வி தாம்பத்தியம் பற்றியது. நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் வயக்ரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாக இறங்கிவிடும்.

உணவில் முதலில் கைவைப்பது உப்பில். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இதயச் செயலிழப்பு உள்ளவர் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று பொருள். அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் நின்று உட்கார்ந்து, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நாக்கடியில் வைத்து, ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும்.

பலனும் எட்டாத தூரமும்

2021இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 85 ஆய்வுகளில் 23,430 பேரைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி அடிப்படையிலான மறுவாழ்வு இதயநோயால் வரும் இறப்பையும் மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்வதையும் குறைக்கிறது என்று கண்டது. அப்படியிருந்தும் அமெரிக்காவிலேயே தகுதியுள்ள மெடிகேர் பயனாளிகளில் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான் சேர்கிறார்கள். இந்தியாவில் இத்தகைய மையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. கூலி வேலையை விட்டுவிட்டு வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வர யாரால் முடியும்?

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியது இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் நடந்த 'யோகா கேர்' ஆய்வு. பன்னிரண்டு வாரத்தில் 13 அமர்வுகள். ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், கலந்துரையாடல். டிரெட்மில் தேவையில்லை. 2020இல் வெளியான முடிவுகளில், மாரடைப்பு, இறப்பு போன்றவற்றில் புள்ளியியல்படி உறுதியான குறைவு தெரியவில்லை. யோகா செய்தவர்கள் தங்கள் பழைய வேலைகளுக்குத் திரும்பியதும், தங்கள் உடல்நலம் பற்றி அவர்களே சொன்ன மதிப்பீடும் கூடியிருந்தன.

திட்டம் முடியும் நாளில் அதே தாழ்வாரத்தில் அதே ஆறு நிமிட நடையை மறுபடி வைப்பார்கள். முதல் நாள் குறித்த மீட்டர் கணக்குக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதி, தாளை நோயாளியின் கையிலேயே கொடுப்பார்கள்.