முதல் பிரதியின் விலை

காலஞ்சென்ற என் தாயார் எங்களுக்கு விட்டுச்சென்றவற்றுள் ஒரு கோல நோட்டும் உண்டு. நாற்பது பக்கங்கள். மார்கழிக்கு மார்கழி சேர்த்துக்கொண்டே வந்தவை. புள்ளிக் கோலங்களைப் பென்சிலால் போட்டு, காவி, மஞ்சள், இலைப்பச்சை என்று வண்ணம் தீட்டி வைத்திருந்தார். உடன்பிறந்தோர் நாங்கள் ஐவர். பேரப்பிள்ளைகளையும் சேர்த்தால் முப்பது பிரதிகள் தேவைப்படும் என்று கணக்கிட்டு, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகத்தின் படியேறினேன்.

உரிமையாளர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "முப்பது காப்பிக்கும் அதே பிளேட்தான் சார், மூவாயிரம் காப்பிக்கும் அதே பிளேட்தான். மூவாயிரமாப் போட்டுக்குங்களேன்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் நோட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்துள் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு அடங்கியிருந்தது என்பது பின்னர்த் தேடிப் படித்தபோதுதான் விளங்கிற்று. வண்ண அச்சில் விலை உயர்ந்தது முதல் பிரதியே. அதற்குப் பின் வருபவை மலிவானவை. அந்த முதல் பிரதியின் விலையை யார் தாங்குவது என்னும் கேள்வியே வண்ண அச்சின் வரலாறு எனலாம்.

அக்கேள்வியோடு முதலில் மல்லுக்கு நின்றவருள் ஒருவர் ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகரில் 1667ல் பிறந்த ழாக் கிறிஸ்தோப் லெ பிளான். நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று மைகளை மூன்று செப்புத் தகடுகளின் வழியே ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் ஏனைய நிறங்கள் தாமே பிறக்கும் என்று கண்டவர் அவர். 1719ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜிடமிருந்து இம்முறைக்கு உரிமை பெற்று, புகழ்பெற்ற ஓவியங்களை அச்சிட்டு விற்க ஒரு நிறுவனமும் கண்டார். அது சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போயிற்று. கருத்து பிழையன்று. ஓர் ஓவியத்தில் எவ்விடத்தில் எவ்வளவு நீலம், எவ்வளவு சிவப்பு என்பதைக் கண்ணாலேயே பிரித்தறிந்து, தகட்டைக் கையாலேயே சுரண்டி உருவாக்க வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் விலையைப் படங்களின் விற்பனை ஈடுகட்டவில்லை.

அடுத்த வழியைத் திறந்தவர் பணமில்லாத ஒரு நாடக ஆசிரியர். மியூனிக் நகரில் வாழ்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர், தம் நாடகங்களைத் தாமே குறைந்த செலவில் அச்சிடும் வழி தேடி, 1798 அளவில் கல்லச்சைக் கண்டுபிடித்தார். எண்ணெய்ப் பசையுள்ள மையால் சுண்ணாம்புக் கல்லில் எழுதி, கல்லை நீரால் நனைத்து, மேலே அச்சுமை தடவினால், ஈரம் மையைத் தள்ளும். எழுத்து மட்டும் மையை ஏற்கும். இதற்கேற்ற வழவழப்பான கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் கிடைத்தது. நாம் 'லித்தோ' என்று வழங்குவது இம்முறையைத்தான்.

1837ல் மியூல்ஹவுஸ் நகரின் கோட்ஃபுருவா எங்கல்மன் இதையே பலவண்ண அச்சாக வளர்த்து உரிமை பெற்றார். வண்ணத்துக்கு ஒரு கல். நல்ல படமொன்றுக்குப் பத்து, பதினைந்து, சிலவேளை இருபதுக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்பட்டன. அத்தனை முறையும் அதே தாள் அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் அமரவேண்டும். அச்சுத் தொழிலாளர் இதனை 'ரெஜிஸ்டர்' என்பர். காற்றில் ஈரம் மிகுந்தால் தாள் விரியும். தாள் விரிந்தால் உதட்டின் சிவப்பு கன்னத்தில் போய் நிற்கும்.

இத்தொழில்நுட்பம் நம் நாட்டில் ஓர் ஓவியரின் செல்வத்தையே விழுங்கியது. திருவிதாங்கூர், பரோடா முதலிய சமஸ்தானங்களில் திவானாக இருந்த, கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ், 1884ல் ராஜா ரவிவர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உம் படங்களை விரும்புவோர் பலர்; இரு கைகளால் எத்தனை பேருக்குத்தான் வரைய முடியும்; சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃப்களாக அச்சிட்டுக்கொள்ளலாமே என்பது அதன் சாரம். எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும்படி பளபளப்பு ஏற்றப்பட்ட வண்ணக் கல்லச்சுப் படமே ஓலியோகிராஃப்.

ரவிவர்மா ஒருபடி மேலே சென்று, 1894ல் பம்பாயில் தாமே அச்சகம் தொடங்கினார். எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. தொழில்நுட்பம் அறிந்தோரும் அங்கிருந்தே வந்தனர். லட்சுமியும் சரஸ்வதியும் சாமானியர் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது இவ்வச்சகத்தின் வழியேதான். ஆனால் கடன் ஏறிற்று. பிளேக் நோய் பம்பாயை வாட்டிய அவ்வாண்டுகளில் அச்சகம் லோனாவாலா அருகிலுள்ள மாளவ்லிக்கு இடம் பெயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அச்சகத்தையும் பல படங்களின் மறுபதிப்பு உரிமையையும், அங்கே பணிபுரிந்த ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்னும் ஜெர்மானியருக்கு விற்க நேர்ந்தது. 1906ல் ரவிவர்மா மறைந்தார். படங்கள் தொடர்ந்து அச்சாகி நாடெங்கும் பரவிக்கொண்டிருந்தன. அவற்றால் வந்த வருவாய் மட்டும் அவருடையதாக இல்லை.

இதற்கிடையே அறிவியல், லெ பிளானிடமே திரும்பி வந்தது. மூன்று வண்ண வடிகட்டிகளின் வழியே எடுத்த புகைப்படங்களைக் கொண்டு முழு வண்ணத்தையும் மீட்கலாம் என்று 1861ல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் லண்டனில் காட்டினார். படத்தை நுண்புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை அந்நூற்றாண்டின் இறுதியில் கைகூடிற்று. கண்ணால் பிரித்த வேலையைக் காமிரா செய்தது. இருபது கற்களின் இடத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள் போதுமென்றாயிற்று. அமெரிக்காவில் 1904 வாக்கில் ஐரா ரூபெல், தகட்டிலிருந்து ரப்பர் விரிப்புக்கும் அதிலிருந்து தாளுக்கும் படம் மாறினால் அச்சு தெளிவாக விழுவதைத் தற்செயலாகக் கண்டார். ஆஃப்செட் பிறந்தது.

முதல் பிரதியின் விலையைப் பகிர்ந்துகொள்ளும் கலையில் தேர்ந்த ஊர் நம் சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. ஒரு பெரிய தாளில் எத்தனையோ சிறு லேபிள்களை நெருக்கி அடித்து வெட்டிக்கொள்ளலாம். காலண்டரில் இக்கணக்கு இன்னும் அழகாக அமைந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர் தீட்டிய முருகனையோ மீனாட்சியையோ வண்ணத்தில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வைத்துக்கொள்வர். அடியில் மளிகைக் கடையின் பெயரை மட்டும் பின்னர் ஒரு வண்ணத்தில் ஏற்றித் தருவர். நூறு காலண்டர் கேட்கும் சிறு கடைக்காரரும் முருகனுக்கான முழுச் செலவைத் தாங்கவேண்டியதில்லை. உலர்ந்த அவ்வூர்க் காற்றும் தாளுக்கு இசைந்தது.

என் அம்மாவின் கோலங்களைப் பகிர்ந்துகொள்ள அப்படி வேறு கடைகள் இல்லை. பக்கம் எட்டாக அடுக்கினால் நாற்பது பக்கங்களுக்கு ஐந்து வரிசை. வரிசைக்கு நான்கு தகடுகள். ஆக இருபது தகடுகள். மை சீராக ஏறும்வரை வீணாகும் தாள்களே முப்பதைத் தாண்டும். அச்சகத்தார் சொன்னதில் குற்றமில்லை.

இந்நிலை மாறத் தொடங்கியது 1993ல். இஸ்ரேலின் இண்டிகோ, பெல்ஜியத்தின் ஸெய்க்கான் ஆகிய நிறுவனங்களின் டிஜிட்டல் வண்ண எந்திரங்கள் அவ்வாண்டில் அறிமுகமாயின. இவற்றில் தகடு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் படம் புதிதாக எழுதப்படுகிறது. எனவே முதல் பிரதிக்கும் முப்பதாவது பிரதிக்கும் ஒரே விலை. ஆயிரக்கணக்கில் வேண்டுவோருக்கு இன்றும் ஆஃப்செட்டே மலிவு. முப்பது வேண்டுவோருக்கு ஒரு வழி பிறந்தது.

அவ்வழியில்தான் நோட்டு அச்சேறிற்று. பளபளக்கும் தாளைத் தவிர்த்து, பென்சில் கோட்டுக்கு இசைந்த மங்கல் தாளைத் தேர்ந்தேன். முழுவதும் அடிக்கும்முன் ஒரு பக்கத்தை மட்டும் அடித்துப் பார்த்தோம். திரையில் சரியாக இருந்த காவி, தாளில் ரத்தச் சிவப்பாக வந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுவது, தாள் மையால் காட்டுவது என்று விளக்கிய இளைஞர், மூல நோட்டை அருகில் வைத்துக்கொண்டு மும்முறை திருத்தினார். லெ பிளான் கண்ணால் செய்த அதே வேலை.

பிரதி கிடைத்த அன்றிரவே அக்கா தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அம்மாவோட காவி மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கலா இருக்கும்டா" என்றார். அவர் சொன்னது உண்மை.