பேய் பிழைத்தது, பாட்டாளி மாண்டான்!

நியூட்டனை ஈன்ற நாடு. நீராவியை ஏவல்கொண்ட நாடு. கோள்களின் வழியைக் கணக்கிட்டுக் காட்டிய நாடு. அந்த இங்கிலாந்திலுமா பேய்க்கதை என்று வினவுவோர் உளர். ஆம், அங்குந்தான்! சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டி உயிர் பறிக்கும் கொடுமையை அந்நாட்டு நாடாளுமன்றம் 1735இல் சட்டமியற்றி ஒழித்தது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒழிந்தது மடமை. ஊரார் நெஞ்சிலிருந்து ஒழியவில்லை. ஒழியாததன் விலை என்ன? ஹாமர்ஸ்மித்தில் 1804ஆம் ஆண்டு சிந்திய குருதி விடை கூறும்.

இன்று ஹாமர்ஸ்மித் இலண்டன் மாநகரின் ஒரு பகுதி. அன்றோ, நகருக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த தனி ஊர். 1803ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வூரை அச்சம் ஆட்டிப் படைத்தது. வெள்ளை உடுத்த நெடிய உருவம் இரவிலே திரிகிறது என்றனர் சிலர். கன்றுத்தோல் போர்த்து, கொம்பும் கண்ணாடிக் கண்களும் கொண்டு வருகிறது என்றனர் வேறு சிலர். கல்லறைத் தோட்டத்தின் வழியே சென்ற வேலையாள் ஒருவர், ஏதோவொன்று தம் கழுத்தைப் பற்றியதாகக் கூறினார்.

யாருடைய பேய் அது? முந்திய ஆண்டில் தற்கொலை செய்துகொண்டு அத்தோட்டத்திலே புதைக்கப்பட்டவனின் ஆவி என்றது ஊர். இங்கேதான் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். தற்கொலை செய்துகொண்டவன் புனித மண்ணிலே துயிலத் தகுதியற்றவன் என்பது அந்நாளைய மதத்தின் விதி. அத்தகையோரை நாற்சந்தியில் புதைத்து, உடலிலே முளையறையும் வழக்கமும் இருந்தது. 1823இல்தான் சட்டம் அதனைத் தடுத்தது. வாழ முடியாமல் மாண்டவனுக்கு ஆறடி மண்ணை மறுத்தது மதம். மறுக்கப்பட வேண்டியவனைப் புதைத்ததால் அவன் அலைகிறான் என்றது ஊர். மதம் விதைத்தது; மருட்சி விளைந்தது!

இத்தனைக்கும், உண்மை ஒருமுறை ஊராரின் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தது. டிசம்பர் 29ஆம் நாள் இராக்காவலர் ஒருவர் அவ்வுருவத்தைத் துரத்தினார். பேய் காற்றிலே கரைந்ததா? விண்ணிலே பறந்ததா? இல்லை. போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை வீசியெறிந்துவிட்டு ஓட்டம் பிடித்தது! துணி காலைத் தடுக்கும் என்று அறிந்த பேய்! அதைக் கேட்டு ஊர் சிரித்திருக்கவேண்டும். சிரிக்கவில்லை, துப்பாக்கியைத் தூக்கிற்று.

1804 ஜனவரி 3. இலண்டனின் பால்மால் வீதியிலேயே எரிவாயு விளக்கு ஒளிர்ந்தது 1807இல்தான் எனில், சிற்றூரின் சந்து எத்தகைய இருளில் கிடந்திருக்கும்! அந்த இருளிலே, ஆயத்தீர்வை அலுவலர் பிரான்சிஸ் ஸ்மித் துப்பாக்கியுடன் காத்துநின்றார். வயது 29.

அவ்வழியே வந்தார் தாமஸ் மில்வுட். கொத்தனார். பெற்றோரையும் உடன்பிறந்தாளையும் கண்டு திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளை மேற்சட்டை, இடுப்பிலே மேலங்கித் துணி. அது பேயின் கோலமன்று, உழைப்பவன் உடை. சில நாள் முன்னர் வண்டியிலே சென்றோர் அவ்வுடையைக் கண்டு பேய் என்று அலறினர். இருண்ட நிறத்து நீளங்கி அணிந்து செல்லுமாறு மாமியார் அறிவுரை கூறியிருந்தார். அஞ்சுவோர் ஊரார், ஆடையை மாற்றவேண்டியவனோ உழைப்பாளி!

"யார் நீ?" என்ற அதட்டல் எழுந்தது. வெடி முழங்கிற்று. மில்வுட் வீழ்ந்தார். பேய் என நம்பிச் சுட்டாரா, பேய்வேடம் புனைந்தவன் என எண்ணிச் சுட்டாரா? எதுவாயினும், விசையை இழுத்த விரலை இயக்கியது அச்சமே.

பத்தே நாளில், ஜனவரி 13இல், ஓல்டு பெய்லி மன்றத்தில் வழக்கு நடந்தது. கொலையினும் சிறிய குற்றமே என்றனர் ஜூரர்கள். அத்தீர்ப்பை ஏற்கமுடியாது, கொலை, அன்றேல் விடுதலை என்றார் நீதிபதி. கொலையென்று முடிவாகித் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அரசரின் கருணையால் அது ஓராண்டுக் கடுங்காவலாகக் குறைந்தது. தவறாக எண்ணித் தாக்கியவன் எவ்வளவு குற்றவாளி என்ற சட்டச் சிக்கலோ தீராது நீடித்தது. 1983இல் வேறொரு வழக்கிலேதான், ஒருவன் உண்மையென நம்பியதை வைத்தே அவன் செயலை அளக்கவேண்டும் என்று மேல்முறையீட்டு மன்றம் தெளிவாக்கிற்று.

பேய் என்னாயிற்று? ஜான் கிரகாம் என்ற முதிய செருப்புத் தொழிலாளி முன்வந்தார். வெள்ளைத் துணி போர்த்தித் திரிந்தவன் தானே என்று ஒப்புக்கொண்டார். ஏன் அந்த வேடம்? அவரிடம் தொழில் பயின்றோர் அவருடைய குழந்தைகளுக்குப் பேய்க்கதை சொல்லி அச்சுறுத்தினராம். அவர்களைத் திருப்பி அச்சுறுத்தவே அவ்வேடமாம்!

எண்ணிப் பாருங்கள். குழந்தைக்குச் சொன்ன கதை ஒரு பேயைப் பெற்றது. பேய் ஒரு துப்பாக்கியைப் பெற்றது. துப்பாக்கி ஒரு கொத்தனாரின் உயிரைக் குடித்தது. கதை சொன்னவரும் கொலைகாரரல்லர். வேடம் புனைந்தவரும் கொல்ல எண்ணவில்லை. ஆயினும் ஒரு மனைவி கைம்பெண்ணானாள்.

பேய்க்கதை தீங்கற்ற பொழுதுபோக்கு என்போருக்கு நாம் கூறுவது இதுவே: தொட்டிலருகே அச்சத்தை விதைக்காதீர்! "அது என்ன?" என்று குழந்தை கேட்கும்போது, விளக்கை ஏற்றிக் காட்டுங்கள். ஹாமர்ஸ்மித் சந்திலே அன்றிரவு ஒரு விளக்கு இருந்திருந்தால், வெள்ளாடைக்குள் ஒரு மனிதன் தெரிந்திருப்பான்!